பீட்டாவைக் காப்பாற்றிய கிளெட்டோ

கிளெட்டோவின் வீட்டில் முடிவு எடுப்பது அவன் மனைவி தியோடோராவின் வேலை. கூரைத் தகரத்துக்கு என்ன நிறம், பன்றிக்குட்டிக்கு என்ன பெயர், கட்டிலில் யார் சுவர்ப் பக்கம் படுப்பது, எல்லாம் அவள் சொன்னபடிதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனாகத் துணிந்து எடுத்த முடிவு ஒன்றே ஒன்று. வீட்டுக்கு வீடு வீடியோ பெட்டி வாங்குகிற காலம் வந்தபோது, வி.எச்.எஸ். வேண்டவே வேண்டாம், பீட்டாதான் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். இரண்டும் வேறு வேறு ரகம், ஒன்றின் டேப் மற்றதில் ஓடாது. அன்றைக்குத் தியோடோராவுக்குப் பல்வலி. கன்னம் வீங்கி, துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். அதனால் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.

அந்த ஒரு முடிவை வைத்துக்கொண்டு மனிதன் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, கொஞ்ச நஞ்சமில்லை. பிலிப்பைன்ஸில் இலோய்லோ ஊர்ப் படகுத்துறையில் டிக்கெட் கிழித்துக் கொடுப்பது அவன் உத்தியோகம். டிக்கெட்டோடு பீட்டாவின் பெருமையையும் சேர்த்துக் கொடுப்பான். எதிர்க்கரைத் தீவுக்கு மாம்பழம் வாங்கப் போகிறவனுக்கு அதெல்லாம் எதற்கு? ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டு முடிக்காமல் டிக்கெட் கைக்கு வராது. ஊருக்குள் ஹாரோ பேட்டையில் அவன் தெருவில் பீட்டா வாங்கிய அத்தனை பேரும் அவன் பேச்சை நம்பி வாங்கியவர்கள். பக்கத்து வீட்டு ஹெர்மோ மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவன். பாவம், வண்டிக்குப் புது டயர் போட வைத்திருந்த காசைக் கொண்டுபோய்ப் பீட்டாவில் போட்டான்.

பீட்டாவில் படம் தெளிவு, அதை யாரும் மறுக்க முடியாது. நடிகையின் மூக்கு நுனியில் வேர்வை துளிர்ப்பதுகூடத் தெரியும். ஆனால் டேப் குட்டை, வி.எச்.எஸ். மாதிரி முழுப் படமும் ஒன்றில் அடங்காது. தெருமுனையில் வீடியோ வாடகைக் கடை வைத்திருந்த நாங் விசிங் ஒவ்வொரு படத்தையும் இரண்டு டேப்பாகப் போட்டு வைத்திருந்தாள். (அங்கே அக்காவை நாங் என்பார்கள், அண்ணனை நோங் என்பார்கள்.) முதல் டேப் கிடைக்கும். இரண்டாவது எப்போதும் வேறு யார் வீட்டிலாவது இருக்கும். அங்கே போய்க் கேட்டால், அவர்கள் முதல் டேப் கிடைக்காமல் யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருப்பார்கள். தியோடோரா முதல் டேப்பில் எத்தனையோ குடும்பங்கள் பிரிந்து போனதைப் பார்த்துவிட்டாள். ஒன்றாவது சேர்ந்ததைப் பார்த்ததில்லை.

"தெளிவாத்தான் இருக்கு பாங்கா, நான் ஒத்துக்கறேன். அந்தப் பொண்ணு அழறது பளிச்சுன்னு தெரியுது. அப்புறம் அவளுக்கு என்ன ஆச்சுன்னு எனக்கு யார் சொல்லுவா?" என்பாள்.

அந்த ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் செல்லமாக பாங்கா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். தியோடோரா கூப்பிடும்போது மட்டும் அதில் செல்லம் எவ்வளவு, எச்சரிக்கை எவ்வளவு என்று கிளெட்டோவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் நாங் விசிங் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். அவள் கடை என்பது வீட்டின் முன்னறை. ஒரு சுவர் முழுக்கப் பீட்டா. எதிர்ச் சுவரில் கொஞ்ச நாளாக வி.எச்.எஸ். வேறு சேர ஆரம்பித்திருந்தது. நடுவில் ஆள் நடக்க இடமில்லை. இரண்டையும் கட்டி மேய்க்க என்னால் ஆகாது, மாதா திருவிழாவுக்குள் எந்தப் பக்கத்து அலமாரி காலியாகக் கிடக்கிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் ஊரில் கிராக்கி என்று அர்த்தம், அதை மட்டும் வைத்துக்கொள்வேன், மற்றதை வந்த விலைக்குத் தள்ளிவிடுவேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டாள்.

கிளெட்டோ கணக்குப் போட்டுப் பார்த்தான். இருக்கிற ஒரே கடை அது. அங்கே பீட்டா போய்விட்டால் தெருவில் இருக்கிற அத்தனை பெட்டியும் வெறும் பெட்டி. ஹெர்மோவின் முகத்தில் எப்படி முழிப்பது? அந்தத் தெரு வழியாக எப்படி நடப்பது? அதையெல்லாம் விடுங்கள். அவன் ஆயுசில் எடுத்த ஒரே முடிவு அது. அதுவும் தப்பு என்று ஆகிவிட்டால் தியோடோராவுக்கு முன்னால் இனி சட்டைக்கு என்ன நிறம் என்றுகூட வாயைத் திறக்க முடியாது.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், உள்ளே இறங்கவில்லை. தியோடோரா துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"நாங் விசிங் எதைப் பாத்து முடிவு பண்ணப் போறாங்களாம்?"

"அலமாரியை."

"அது காலியா இருந்தாப் போதுமா?"

"ஆமா."

"ஓ," என்று சொல்லிவிட்டுச் சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டாள்.

கிளெட்டோவின் மண்டையில் பளீரென்று ஒரு யோசனை உதித்தது. அலமாரி காலியாகத்தானே இருக்க வேண்டும்? யார் காலி செய்தால் என்ன? தானே எடுத்துக்கொண்டு வந்துவிடலாமே! தனக்கு இவ்வளவு மூளை இருக்கிறது என்று அவனுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. பயந்து பயந்து மனைவியிடம் சொன்னான். அவள் திட்டப் போகிறாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான்.

"நல்ல யோசனை பாங்கா. எனக்குத் தோணவே இல்ல பாரு," என்றாள் தியோடோரா. அதோடு விடவில்லை. அரிசிச் சாக்கைப் பிரித்து, காது வைத்து, பெரிய பையாகத் தைத்தும் கொடுத்தாள்.

கிளெட்டோ குழம்பிப் போனான். அவள் திட்டினால் அவனுக்குப் புரியும். பாராட்டினால் என்ன செய்வதென்று தெரியாது.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. துறையில் வேலை முடிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போவான். ஏற்கெனவே எடுத்ததற்கு வாடகையைப் புதுப்பிப்பான், அலமாரியில் மிச்சம் இருப்பதில் கைக்கு அகப்பட்டதை அள்ளுவான். சண்டைப் படமா, சாமிப் படமா, குழந்தைகள் படமா என்று பார்ப்பதில்லை. வீட்டில் டேப் வைக்க இடமில்லாமல் போயிற்று. சாப்பாட்டு மேசையில் டேப், கட்டிலுக்கு அடியில் டேப், அரிசி டப்பா மேல் டேப். புருஷனும் பெண்டாட்டியும் நின்றுகொண்டு சாப்பிட்டார்கள். தியோடோரா முகம் சுளிக்கவில்லை. இன்றைக்குப் பை ஏன் இளைத்திருக்கிறது என்றுகூட ஒருநாள் விசாரித்தாள். அத்தனை டேப்பில் ஒன்றையாவது போட்டுப் பார்த்தானா என்றால், அதற்கு நேரம் ஏது? காப்பாற்றவே நேரம் சரியாக இருந்தது.

ஒரே ஒரு விஷயம் அவனை உறுத்தியது. எதிர்ச் சுவரில் வி.எச்.எஸ். டேப்புகளும் குறைந்துகொண்டே வந்தன. யார் எடுக்கிறார்கள்? அவனுக்குத் தெரிந்து அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் வி.எச்.எஸ். கிடையாது. பெட்டி இல்லாமல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் என்ன செய்வார்கள்? நாங் விசிங்கிடம் கேட்டான். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு, மழை வரும்போல இருக்கிறது என்றாள்.

போதாததற்குப் பக்கத்து வீட்டில் ஒரு துக்கம். ஹெர்மோவின் மனைவி ருஸ்திகா வீட்டில் மத்தியானம் தெருப் பெண்கள் எல்லாம் கூடுகிறார்கள், ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள். கிளெட்டோ வேலை முடிந்து வருகிற நேரத்துக்குக் கண் சிவந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வருகிறார்கள். தியோடோராவும் அந்தக் கும்பலில் முந்தானையால்... இல்லை, அங்கே முந்தானை ஏது, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். பார்த்ததுமே கிளெட்டோவுக்குப் புரிந்துவிட்டது. செத்தவர்களுக்காகச் செய்கிற ஒன்பது நாள் ஜெபம். ஹெர்மோவைப் பிடித்து, யார் போனது என்று கேட்டான். ஹெர்மோ வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு, ருஸ்திகாவின் சித்தி என்று முனகினான். துக்கத்தில் இருக்கிறவனை நோண்டக் கூடாது என்று கிளெட்டோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு நகர்ந்துவிட்டான். ஜெபத்துக்கு வருகிறவர்கள் கொறிக்க பிஸ்கோச்சோ ரொட்டி பொட்டலம் பொட்டலமாக வாங்கி அனுப்பினான். நல்ல மனசுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்பது நாளும் முடிந்தது. கூட்டம் முடியவில்லை.

"இன்னொரு சித்தி," என்றாள் தியோடோரா.

அடுத்து ஒருநாள் சீக்கிரம் வந்துவிட்டான். ருஸ்திகா வீட்டு வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொள்ளும்போது உள்ளே படபடவென்று துப்பாக்கி வெடிக்கிற சத்தம். வீட்டுக்கு ஓடிவந்து உட்கார்ந்தான். மனைவி வந்ததும் விசாரித்தான்.

"ஜெபத்துல எதுக்குத் துப்பாக்கி?"

"சித்தப்பா பட்டாளத்துல இருந்தவரு. மரியாதைக்குச் சுட்டாங்க."

"செத்தது சித்திதானே?"

"அந்த வருத்தத்துல அவரும் போயிட்டாரு பாங்கா. நீ சாப்பிடு."

ஒரே குடும்பத்தில் இப்படி வரிசையாகப் போகிறார்களே என்று கிளெட்டோவுக்கு மனசு கனத்தது. மறுநாள் பிஸ்கோச்சோவைக் கொஞ்சம் கூடுதலாகவே அனுப்பினான்.

திருவிழாவுக்கு முந்தின நாள் வந்தது. கிளெட்டோ நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனான். பீட்டாச் சுவர் துடைத்துவிட்டதுபோல் இருந்தது, ஒரு டேப் இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினான். எதிர்ச் சுவரும் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"ரெண்டும் காலியா இருக்கே, நாங் விசிங்?"

"ஆமா. இந்தப் பக்கத்தை ஊரே எடுத்துட்டுப் போச்சு. அந்தப் பக்கத்தை நீ ஒருத்தன் எடுத்துட்டுப் போன."

"காலியா இருந்தாப் போதும்னுதானே சொன்னீங்க?"

"சொன்னேன். அப்புறம் பீட்டா கேட்டு வந்தவங்களை நான் வெறுங்கையோட அனுப்ப வேண்டியதாப் போச்சு. ஒரு நாள் திரும்பிப் போவாங்க, ரெண்டு நாள் போவாங்க. அதுக்கு மேல பெட்டியை மாத்திட்டாங்க. நீ மட்டும் அந்தப் பையைத் தூக்கிட்டு வராம இருந்திருந்தா பீட்டா இன்னும் ரெண்டு வருஷம் ஓடியிருக்கும் கிளெட்டோ."

 யார் மாற்றினார்கள், எங்கே மாற்றினார்கள் என்று கேட்டான். அவள் பதில் சொல்லாமல் ருஸ்திகா வீட்டுப் பக்கம் மோவாயை நீட்டிக் காட்டினாள்.

ஓட்டமும் நடையுமாகப் போய் ஜெப வீட்டின் கதவைத் தள்ளினான். உள்ளே தெருவே உட்கார்ந்திருந்தது. பெண்கள் மட்டுமில்லை, துறையில் அவனிடம் பீட்டா பாடம் கேட்டவர்களும் இருந்தார்கள். ஹெர்மோ தரையில் சம்மணம் போட்டு, அவன் வாங்கி அனுப்பிய பிஸ்கோச்சோவைக் கடித்துக்கொண்டிருந்தான். டி.வி.க்குக் கீழே பளபளவென்று ஒரு வி.எச்.எஸ். பெட்டி. திரையில் ஒரு அம்மாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

"அந்தப் பொண்ணு ஆத்துல விழுந்து செத்துட்டாளே?" என்றான் கிளெட்டோ, தன்னை அறியாமல். முதல் டேப்பில் அதுவரைக்கும் அவன் பார்த்திருந்தான்.

உஷ் என்று எல்லோரும் சேர்ந்து அடக்கினார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தியோடோரா மட்டும் கொஞ்சம் நகர்ந்து உட்கார இடம் கொடுத்தாள்.

படம் முடிந்த பிறகுதான் ஹெர்மோ விஷயத்தைச் சொன்னான். பெண்கள் சீட்டுப் பணத்தோடு வேறு எதையோ சேர்த்து இந்தப் பெட்டியை வாங்கினார்களாம். பிறகு, பக்கத்து ஊரிலிருந்து வந்த வியாபாரி ஒருவரிடம் தெருவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பீட்டாவைக் கொடுத்து மாற்றிக்கொண்டார்களாம். அந்த ஊரில் இன்னும் பீட்டாதான் ஓடுகிறது, இங்கே அதன் கதை முடிந்த சேதி அங்கே போவதற்குள் கொடுத்துவிடுங்கள் என்று நாங் தியோடோராதான் எல்லோருக்கும் சொன்னாளாம். யாருக்கும் நஷ்டமில்லை, உங்கள் மேல் யாருக்கும் கோபமும் இல்லை நோங் கிளெட்டோ, உங்களிடம் சொன்னால் வருத்தப்படுவீர்கள் என்றுதான் சித்தியைக் கொன்றோம் என்றான்.

கோபமில்லை என்றால் சந்தோஷம்தானே பட வேண்டும்? கிளெட்டோவுக்கு ஏனோ அழுகை வந்தது. திட்டியிருந்தாலாவது அவன் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்ததாக ஆகியிருக்கும். எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"நீங்க எல்லாரும் மாத்திக்கோங்க. நான் மாத்த மாட்டேன். இந்த ஊர்ல கடைசி பீட்டா என் வீட்டுல இருக்கும். தெளிவு வேணுங்கறவன் அங்க வரட்டும்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தான். தியோடோரா பின்னாலேயே வந்தாள். அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள், அவன் கையை உயர்த்தித் தடுத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தடுத்தான். குவியலிலிருந்து ஒரு டேப்பை உருவிக்கொண்டு டி.வி. முன்னால் மண்டியிட்டு, பீட்டாவை மூடியிருந்த பின்னல் துணியை விலக்கினான். அதன் கீழே செருப்பு வாங்கின அட்டைப்பெட்டிகள் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக, ஒழுங்காக அடுக்கியிருந்தன.



"எப்பப் போச்சு?" என்றான் கிளெட்டோ.

"நீ முதல் நாள் பையைத் தூக்கிட்டுக் கிளம்பினியே, அன்னிக்கே ருஸ்திகா வீட்டுப் பெட்டிக்காகக் குடுத்துட்டேன். நீ கேப்ப, கேப்பன்னு நானும் தினமும் பாத்துட்டே இருந்தேன் பாங்கா."