ஆலங்குடியில் நடந்த சமூக மாநாடு

ஆலங்குடி,
சனிக்கிழமை சாயங்காலம்.

அன்புள்ள மாப்பிள்ளை ஜஸ்டினுக்கு,

அத்தான் ஜெபமாலை எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உங்கள் அக்கா அருள்ராணியும், என் இடது முழங்கால் நீங்கலாக, நலம். சென்னையில் நீங்களும் பிள்ளைகளும் எல்லா மூட்டுகளோடும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம்.

உங்கள் மருமகள் ஜாஸ்பினுக்கு நீங்கள் பார்த்துவைத்த கம்பெனி வேலை பற்றித்தான் விஷயம். மாடி அறையில் உட்கார்ந்து வெப்சைட் செய்வதை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நின்றாள் அல்லவா? "என்ன மாதிரி வெப் டெவலப்பருங்க இங்கிட்டே நெறய இருக்காங்கப்பா. ஒருநாள் எல்லாரையும் ஒண்ணாக் கூட்டிக் காட்டுறேன். கூடலேன்னா மாமா சொன்ன வேலைக்குப் போறேன்" என்றாள். நானும் சரி என்றேன். எந்தக் கம்பெனியும் நடத்தாமல், அந்தத் தொழில் செய்கிறவர்களே சேர்ந்து நடத்துகிற மாநாடாம். இன்று இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள்.

வினை பேனரில் தொடங்கியது. நல்ல தமிழில் இருக்கட்டும் என்று அவள் தோழி ஹரிணி, 'இணைய வடிவமைப்பாளர் சமூக மாநாடு' என்று எழுதிக் கொடுக்க, பேனர் கடைக்காரர் இடம் பற்றாமல் 'சமூக மாநாடு' என்பதை மட்டும் ஆளுயரத்துக்குப் போட்டு, மற்றதைப் பல்லிமுட்டை அளவில் அடியில் சேர்த்துவிட்டார். காலையில் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நான் நிற்க, முதலில் வந்தவர்கள் வெள்ளை வேட்டியில் இரண்டு பெரியவர்கள். ஒருவர் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய், "நம்மாளுகதானங்க?" என்றார். நான் என்னத்தைச் சொல்ல, "எல்லா ஆளுகளும் வாராங்க" என்றேன். முகம் சுருங்கி, எடுத்த பொன்னாடையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். ஆனால் போகவில்லை, உள்ளே சாம்பார் கொதிக்கிற வாசனை.

அடுத்தது ஜீப். எஸ்.ஐ. இறங்கி, "தலைவர் யாரு?" என்றார்.

"தலைவர்னு யாருமில்லீங்க சார், எல்லாரும் சேந்து நடத்துறோம்" என்றாள் ஜாஸ்பின்.

"தலைவர் இல்லாம ஒரு சமூகமா? ஊர்வலம் உண்டா?"

"உக்காந்தேதான் சார் இருப்போம்."

"கோரிக்கை என்னம்மா?"

"வைஃபை சரியா வரணும் சார்."

அதையும் எழுதிக்கொண்டு, பாதுகாப்புக்கு இரண்டு போலீஸ்காரர்களை வாசலில் உட்காரவைத்தார். பொன்னமராவதியிலிருந்தும் கறம்பக்குடியிலிருந்தும் பையும் கையுமாக வந்த பிள்ளைகள், பேனரையும் போலீஸையும் பார்த்து, ஏதோ சாதிக் கூட்டம் என்று வந்த வழியே திரும்பிவிட்டார்கள். உள்ளே கேட்க மிஞ்சியது பெரியவர்கள் இருவர், உங்கள் அக்கா, நான். பெங்களூரிலிருந்து பேச வந்த பிரசாந்த், வெப்சைட்டில் பட்டன் எந்த இடத்தில் இருந்தால் நல்லது என்று வெகுநேரம் பேசினார். பெரியவர் தன் சட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மத்தியானத்துக்குப் பிறகு ஜாஸ்பினைக் காணவில்லை. எங்காவது தனியாக உட்கார்ந்து அழட்டும் என்று விட்டுவிட்டேன். காலி நாற்காலிகளைப் பார்த்தபோது, பந்தயத்தில் ஜெயித்தது நான்தான் என்று தோன்றவேயில்லை. இருந்தாலும் பேச்சு பேச்சுதான். அவளுக்கு நல்ல லேடீஸ் ஹாஸ்டலாகப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கறி போடுகிற இடமாக இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் சமாதானமும் தண்ணீரும் குறையாதிருக்க ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.

அன்புடன்,
ஜெபமாலை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஜாஸ்பின் வந்துவிட்டாள். திரும்பிப்போன பிள்ளைகள் ஊருக்குப் போகவில்லையாம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒதுங்கியிருக்கிறார்கள். ஒருவர் லேப்டாப்பைத் திறக்க, பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்க்க, எல்லாரும் ஒரே வேலையாக வந்தவர்கள் என்று தெரிந்து இவளுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். பிரசாந்தையும் கூட்டிக்கொண்டு போய், பெஞ்சு போதாமல் ரோட்டோரம் நின்றபடியே, இவ்வளவு நேரம் மாநாடு நடந்திருக்கிறது. "கூடிருச்சுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். ஹாஸ்டல் வேண்டாம். கம்பெனிக்காரரிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நான் பேசினால் சிரித்துவிடுவேன்.