மருமகனின் மரத்தூள் தட்டு

பொம்மனஹள்ளி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பிளாஸ்டிக் கடை ஓஸ்வால்ட் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அல்போன்சாவும் சுகம். சந்தாபுராவில் தாங்களும் சம்பந்தி அம்மாவும், தங்கள் முழங்கால் நீங்கலாக, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் மகன் லாயிட் மேல் ஒரு புகார். குடி, சீட்டு என்று பதற வேண்டாம். அதுவாக இருந்தால் நானே பக்கத்தில் உட்கார்ந்து திருத்தியிருப்பேன். இது வேறு வியாதி. மாப்பிள்ளை உண்மை பேசுகிறார்.

வைட்ஃபீல்டில் குளுகுளு ஆபீஸில் உட்கார்ந்திருந்தவர் அந்த வேலையை விட்டது தங்களுக்குத் தெரியும். விட்ட கையோடு எங்கள் பின்தெருவில் ஒரு ஷெட் பிடித்து, மரம் அறுக்கும் மில்லிலிருந்து மூட்டை மூட்டையாகத் தூள் வாங்கி, மரத்திலிருந்தே எடுத்த ஏதோ பசையைக் கலந்து, சூடான அச்சில் அழுத்தி, பிளாஸ்டிக்குக்குப் பதிலாகத் தட்டு, கிண்ணம், குவளை என்று செய்கிறார். தூக்கிப் போட்டால் சில மாதத்தில் மண்ணோடு மண்ணாகிவிடுமாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! நானோ, "உங்க பேரன் காலம் வரைக்கும் வரும்" என்று சொல்லி வாளி விற்கிறவன். இரண்டு பேருக்கும் ஒரே வீட்டில்தான் சாப்பாடு.

முதலில் குளிக்க ஒரு குவளை கொண்டுவந்தார். ஆசையாய்க் கொடுக்கிறாரே என்று எடுத்துக்கொண்டு போனேன். பாதிக் குளியலில், கண்ணெல்லாம் சோப்பாக இருக்கும்போது, கையில் பிடி மட்டும் இருந்தது. மீதி வாளிக்குள் கஞ்சியாகிவிட்டது. நான் போட்ட கூச்சலில் தெருவே கூடியது. மாப்பிள்ளை கதவுக்கு வெளியே நின்று, "மாமா, எவ்ளோ நேரத்துல கரைஞ்சுது, கவனிச்சீங்களா?" என்கிறார். அடுத்து ஒரு முக்காலி. அதைக் கரையான் அரித்துவிட்டது. வருத்தப்படுவார் என்று பார்த்தால் துள்ளிக் குதிக்கிறார். "கரையானே சாப்பிடுதுன்னா கெமிக்கல் எதுவும் இல்லன்னு ப்ரூஃப், மாமா!" அல்போன்சா துடைப்பத்தோடு வந்து, "அந்த ப்ரூஃபைக் காட்ட என் ஹால்தான் கெடைச்சுதா?" என்று கேட்டாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன், சம்பந்தி. போன வியாழக்கிழமை நடந்ததுதான் பொறுக்க முடியவில்லை. ஆபீஸ் கேன்டீன்களுக்குச் சாப்பாடு போடும் கான்ட்ராக்டர் மஞ்சுநாத் தட்டுகளைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. ஷெட்டில் கரண்ட் இல்லாததால், எங்கள் வீட்டிலேயே அந்தத் தட்டில் விருந்து என்று முடிவானது. இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் ஷெட்டைக் காலி செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்று பிரிஸில்லா முந்தின நாளே அழுதாள். மகள் அழுதால் எனக்கு மூளை வேலை செய்யாது. மாப்பிள்ளை மஞ்சுநாத்தை அழைத்துவரப் போன நேரத்தில், மாடிப்படியில் அடுக்கியிருந்த தட்டு ஒன்றை எடுத்துக் கொதிக்கக் கொதிக்க மீன் குழம்பை ஊற்றிப் பார்த்தேன். தட்டு அப்படியே தொங்கி, குழம்பு முழுக்க என் வேட்டியில்!

என்ன செய்வேன்? கடைக்கு ஓடினேன். மரக் கோடு அச்சடித்த பழுப்பு நிற பிளாஸ்டிக் தட்டு ஒன்று நம்மிடம் நன்றாக ஓடுகிறது. ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டு அதையே மேஜையில் பரப்பினேன். "இது தப்புங்க," என்றாள் அல்போன்சா. "நீ கொழம்பப் பாரு," என்றேன்.

மஞ்சுநாத் சாப்பிட்டார். தட்டைத் தட்டினார், வளைத்தார், கீழே போட்டும் பார்த்தார், ஃபோனில் ஃபோட்டோவும் எடுத்துக்கொண்டார். "சென்னாகிதே லாயிட்! ரொம்ப நல்லாருக்கு! ஒரு சொட்டு ஒழுகலையே. இதே தட்டு, இதே மாதிரி எல்லா கேன்டீனுக்கும் வேணும்!"

மாப்பிள்ளை தன் தட்டை மெதுவாகத் தூக்கி அடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த இயேசுவின் படத்தைப் பார்த்தேன். அவரும் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், மன்னிச்சிருங்க. இது எங்க தட்டு இல்ல. பிளாஸ்டிக்."

மேஜைக்கடியில் மாப்பிள்ளையின் காலை மிதித்தேன். அது மஞ்சுநாத்தின் கால். மனுஷர் கையைக் கழுவிக்கொண்டு, பாயசத்தைக்கூடத் தொடாமல் போய்விட்டார்.

மாப்பிள்ளை சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அவரோ, "எனக்காகத்தான் செஞ்சீங்கன்னு தெரியும் மாமா. ஆனா தோத்தாலும் நான் என் தட்டாலதான் தோக்கணும்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அதிலிருந்து பேச்சே இல்லை. மகளும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள் சம்பந்தி, பிள்ளை வளர்க்கும்போது அவசரத்துக்கு ஒரு பொய்யாவது சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாதா? உடனே புறப்பட்டு வந்து அவரைப் பழைய வேலைக்கு அனுப்பி வையுங்கள். அப்படியே எனக்காகவும் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

தங்கள் குடும்பத்தின் மேல் ஆண்டவருடைய கை எப்போதும் இருக்கட்டும். சம்பந்தி அம்மாவுக்கு அல்போன்சாவின் அன்பு.

தங்கள் பணிவுள்ள,
ஓஸ்வால்ட்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து, செவ்வாய்க்கிழமை இதை எழுதுகிறேன். தாங்கள் வர வேண்டாம். மஞ்சுநாத் நேற்று ஷெட்டுக்கே வந்துவிட்டார். "ஆர்டர் கைல வந்தப்புறமும் நிஜம் சொல்ற ஆளு! உன் நிஜத் தட்டைக் காட்டு" என்று கேட்டு, அதில் சாப்பிட்டும் பார்த்து, ஆர்டரும் கொடுத்துவிட்டார். நான் குழம்பு ஊற்றியது, சரியாக வேகவில்லை என்று தூக்கிப் போட ஒதுக்கி வைத்திருந்த தட்டாம். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல மாமா?" என்று மாப்பிள்ளை சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. பழைய வேலை பற்றி மூச்சு விட வேண்டாம்.

இன்னொன்று. மஞ்சுநாத் திரும்பிப் போகும்போது தனியாக என் கடைக்கு வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "அன்னைக்கு சாப்ட்ட தட்டு ஃபோட்டோவ மிஸஸ் பாத்துட்டாங்க சார். வீட்டுக்கு ரெண்டு டஜன் கட்டுங்க. லாயிட்டுக்கு மட்டும் சொல்லாதீங்க" என்றார். கட்டிக் கொடுத்துவிட்டேன். தங்கள் குடும்பத்து வழக்கம் தெரிந்தும் கெஞ்சிக் கேட்கிறேன்: தாங்களும் சொல்லிவிடாதீர்கள்.