சக்கரம் வைத்த வீட்டுக்குக் கிரகப்பிரவேசம்

வண்டிக்குள்ளேயே வீடு கட்டிக்கொண்டு ஊர் சுற்றப் போகிறேன் என்று யாராவது சொன்னால், எங்கள் குடும்பத்தில் அவரை நேராக என்னிடம் அனுப்பிவிடுவார்கள். நானும் யோசனை சொல்வேன். தண்ணீர்ப் பீப்பாயைக் கூரைமேல் வைக்காதே, கீழே வை. கூரை மூட்டுகளில் மழைக்கு முன்பே தார் பூசு. மழை வந்தபின் பூசினால் தாரும் சேர்ந்து தலையில் ஒழுகும். மணலில் இறங்குவதற்கு முன் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கு. கேட்பவர், "அடேயப்பா, என்ன அனுபவம்" என்பார். மானம் போன கதையைத்தான் மரியாதையாக அனுபவம் என்கிறோம் என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

ஐம்பதுகளில் நான் செங்கல்பட்டில் ஒரு பஸ் கம்பெனி மெக்கானிக். (கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், மொத்தம் ஆறே பஸ்.) அதில் எந்நேரமும் ஒன்றிரண்டு எங்காவது புளியமரத்தடியில் படுத்துக்கிடக்கும். தேடிப்போய் எழுப்புவது என் வேலை. இந்த வாரம் கடப்பாக்கம், அடுத்த வாரம் மாமல்லபுரம் என்று என் பிழைப்பு ஓடிற்று.

கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியும் என் மனைவி சரோஜா திருக்கழுக்குன்றத்தில் அப்பா வீட்டிலேயே இருந்தாள். மாமனாருக்கு மலையடிவாரத்தில் தேங்காய்க்கடை. தேங்காயைத் தட்டிப் பார்த்தே உள்ளே அழுகலா, நல்லதா என்று சொல்லிவிடுவார். என்னையும் ஏறக்குறைய அப்படித்தான் பார்ப்பார்.

"இன்னிக்கி கடப்பாக்கத்துல கீறீங்க, நாளிக்கி வேற எங்கியோ கீறீங்க. என் பொண்ணு எந்த வூட்டு வாசல்ல கோலம் போடுவா மாப்ள?" என்றார்.

நியாயமான கேள்விதான். எனக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஷெட்டில் யுத்தத்துக்குப் போய் ஓய்ந்துபோன ஒரு பட்டாளத்து ஆம்புலன்ஸ் துருப்பிடித்துக் கிடந்தது. முதலாளியிடம் கேட்டேன். "ஓடினா நீயே வெச்சிக்கோ" என்றார். ஓடாது என்பதில் அவருக்கு அத்தனை நம்பிக்கை.

ஓட வைத்தேன். ஆசாரி வேலை தெரிந்த என் சிநேகிதன் ஏகாம்பரம் உள்ளே வீடு கட்டினான். இடது பக்கம் மடக்குக் கட்டில், வலது பக்கம் பாத்திர அலமாரி, முன்கோடியில் மண்ணெண்ணெய் அடுப்புக்கு ஒரு மேடை, கூரைமேல் தண்ணீர்ப் பீப்பாய். பின்கதவுக்கு மர நிலையே வைத்து மஞ்சள் பூசிவிட்டான்.

"நடுவுல ஓராள் தாராளமா போலாம் மச்சான்" என்றான். (ஓராள் என்றுதான் சொன்னான். அவன்மேல் குற்றமில்லை.)

மாமனார் வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். தகரத்தைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். "வூடு மாதிரிதான் கீது" என்று இழுத்தார். "ஆனா வூடுன்னா கிரகப்பிரவேசம் பண்ணணும். வாசல் கெழக்க பாக்கணும். மொதல்ல பசுமாடு உள்ள போவணும், அப்பறம் பால் பொங்கணும். எல்லாம் நல்லபடியா நடந்திச்சின்னா அன்னிக்கே பொண்ண உட்டுட்டு வரேன்."

"நடக்கலன்னா மாமா?"

"கையோட கூட்டிகினு பூடுவேன்."

புத்தியுள்ளவன் இதைத் திருக்கழுக்குன்றத்துத் தெருவிலேயே முடித்திருப்பான். அந்த வாரம் எனக்கு மாமல்லபுரத்தில் வேலை. என் வீட்டு வாசலுக்கு எதிரே கடலைத் தவிர ஒன்றுமே இல்லை பார் என்று மாமனாரிடம் காட்ட வேண்டும் என்ற கொழுப்பு வேறு. கடற்கரையில் ஈர மணல் சிமெண்டுத் தரை மாதிரி கெட்டியாக இருந்தது. பின்கதவு கடலைப் பார்க்கும்படி அதில் கொண்டுபோய் நிறுத்தினேன். அலை தூரத்தில் இருந்தது. அது கிட்டேயும் வரும் என்பதைக் கடலோரத்திலேயே பிழைப்பு நடத்துகிற நான் யோசிக்கவில்லை.

ஊருக்குள் கன்னியப்பன் என்பவர் ஒரு பசு வைத்திருந்தார். பெயர் லட்சுமி. பலகை ஒன்றைச் சாய்த்துப் போட்டு, அகத்திக்கீரையைக் காட்டினோம். மகாராணி மாதிரி ஏறிவிட்டது. உள்ளே போனதும் ஏகாம்பரம் விட்டுவைத்த இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. சரோஜா கட்டில்மேல் ஏறி மாட்டைத் தாண்டி முன்கோடிக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கிற்று. மாமனார் சிரித்தார். ஆறு மாதத்தில் அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த அலை பின்சக்கரத்தை நனைத்தது.

"சரி, மாட்ட எறக்குங்கப்பா" என்றேன். மாட்டுக்குத் திரும்ப இடமில்லை. பின்னால் நடந்து இறங்க மனமில்லை. அடுப்பு மேடைக்கு மேலே கட்டியிருந்த மாவிலைத் தோரணத்தைத் தின்று முடித்து, சரோஜாவின் தலைப்பூவைத் தின்ன ஆரம்பித்திருந்தது. நடுவில் இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டியதில் கட்டில் கால் முறிந்து, அவள் வெளியே வருகிற வழியும் அடைபட்டது. ஏகாம்பரம் வாலைப் பிடித்து இழுக்கப் போனான்.

"கைய எடுடா" என்று மாமனார் குறுக்கே விழுந்தார். "வூட்டுக்கு வந்த லட்சுமிய மொத நாளே வெளிய தொரத்துவாங்களா? அதுவா எறங்கணும்."

அது இறங்குவதாக இல்லை. அதற்குள் இன்னொரு அலை வந்து பலகையையும் கொண்டுபோயிற்று. நான் பதறிப்போய் எஞ்சினைக் கிளப்பி ஒரே அழுத்தாக அழுத்தினேன். சக்கரம் சுற்றிச் சுற்றித் தனக்குத்தானே குழி தோண்டிக்கொண்டு அச்சு வரை இறங்கியது. உள்ளேயிருந்து சரோஜாவின் குரல் வந்தது: "இன்னாங்க, வூடு கடலுக்குப் போவுதா?"

வலை உலர்த்திக்கொண்டிருந்த மீன்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் நிதானமாக மாட்டின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்த, மாட்டுக்குக் கடல் காட்ட இட்டாந்தியா?" என்றார். இன்னொருவர், "டயர்ல காத்த எறக்குப்பா மொதல்ல" என்றார். ஆறு பஸ்ஸுக்கு மெக்கானிக்கான எனக்கு ஒரு மீன்காரர் பாடம் எடுத்தார். இறக்கினேன். அவர்கள் வலைக்கயிற்றை முன்னால் கட்டி இழுக்க, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி வெளியே வந்தது. அந்தக் குலுக்கலில் கூரைப் பீப்பாய் கவிழ்ந்தது. கிரகப்பிரவேசத்தில் எல்லோர் தலையிலும் நாலு சொட்டுத் தீர்த்தம் தெளிப்பார்கள். லட்சுமிக்குக் காவலாகப் பின்னால் நின்றிருந்த மாமனாருக்கு மொத்தப் பீப்பாயும் கிடைத்தது.

அப்படியே ஊருக்குள் ஓட்டினேன். பின்கதவு ஒருபக்கம் ஆட, மாட்டின் வால் மறுபக்கம் ஆட, பின்னால் சொட்டச் சொட்ட மாமனார் நடந்து வந்தார். சிற்பம் பார்க்க வந்த கூட்டம் சிற்பத்தை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. கன்னியப்பன் வீட்டு வாசலில் ஒரு மண்மேடு இருந்தது. கதவு அதற்குச் சமமாக வரும்படி நிறுத்தினேன். அப்போதும் லட்சுமி நகரவில்லை.

"கன்னுக்குட்டியும் கூட வரணும்னு நான் அப்பவே சொன்னேன். எடமில்ல, மாடு மட்டும் போதும்னியே" என்று கன்னியப்பன் என்னிடம் பொரிந்து தள்ளிவிட்டு, உள்ளே போய்க் கன்றை அவிழ்த்துவிட்டார். அது "ம்மா" என்று ஒரு குரல்தான் கொடுத்தது. மாடு பின்பக்கமாகவே ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. மஞ்சள் பூசிய நிலையும் கதவும் பெயர்ந்து அதோடு போயின.

மாமனார் மேல்துண்டைப் பிழிந்தார். "சரோஜா, எறங்கும்மா. வூட்டுக்குப் போலாம்" என்றார். கோபம்கூட இல்லாத குரல். அழுகை முட்டிக்கொண்டு வந்தது; வண்டிக்கு அடியில் எதையோ பார்ப்பது போல் குனிந்துகொண்டேன்.

சரோஜா வாசல் இருந்த இடத்தில் வந்து நின்றாள். தலையில் பாதிப் பூதான் மிச்சம். குனிந்திருந்த என்னைப் பார்த்தாள்.

"லட்சுமிதான் கதவ ஒடச்சிகினு பூட்ச்சே நைனா. நானும் வந்துட்டா அப்பறம் இந்த வூட்ல இன்னா கீது?" என்றாள். பிறகு துடைப்பத்தை எடுத்துச் சாணியைத் தள்ள ஆரம்பித்தாள்.

மாமனார் தனியாகப் பஸ் ஏறினார். (அதுவும் எங்கள் கம்பெனி பஸ்தான். வழியில் நின்றுவிட்டது. அதையும் நான்தான் போய் எழுப்பினேன்.) கதவுக்குப் பதில் கோணிப்படுதாவைத் தொங்கவிட்டு, அந்த வண்டியிலேயே இரண்டு வருஷம் குடித்தனம் நடத்தினோம்.

எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி யாராவது கிளம்புகிற வழியாய்க் காணோம் என்றால், இன்றைக்கும் சமையலறையிலிருந்து ஒரு குரல் வரும்: "கன்னுக்குட்டிய அவுத்து உடுங்க." வந்தவர்களும் அர்த்தம் தெரியாமல் சிரிப்பார்கள். வண்டிக் குடித்தனம் முடிந்து செங்கல்பட்டில் சொந்தமாக ஓட்டுவீடு அமைந்தபோது, இரண்டு நாள் இருக்கிறேன் என்று வந்த மாமனார் ஒரு மாதமாகியும் போகவில்லை. ஒருநாள் காலை அவர் மூன்றாவது தோசை சாப்பிடும்போது, கேட்காது என்று நினைத்து சரோஜாவின் காதில் அதையே சொன்னேன்.

அவர் தலை நிமிராமலே, "கன்னு இங்க கீதே மாப்ள. மாடு எங்க போவும்?" என்றார்.

சரோஜா அவருக்கு இன்னொரு தோசை வார்த்தாள்.