ஐஎஸ்ஓ நூறில் ஒரு கல்யாணம்

விவரம் பார்ப்பவர் என்றோர் இனம் நம்மிடையே சத்தமில்லாமல் பெருகி வருகிறது. உங்கள் குழந்தை முதன்முதலாக எழுந்து நின்ற படத்தை ஆசையாகக் காட்டுகிறீர்கள், எல்லோரும் "அட, செல்லமே!" என்கிறார்கள், இவர் மட்டும் கைப்பேசியை உங்கள் கையிலிருந்து உருவி, படத்தை மேலே தள்ளி, அடியில் வரும் பொடி எழுத்துகளைப் படித்து, உதட்டைப் பிதுக்குகிறார்.

"ஷட்டர் முப்பதுல ஒண்ணா? அதான் கலங்கியிருக்கு."

குழந்தை ஆணா, பெண்ணா? கவனிக்கவில்லை.

டிஜிட்டல் படம் ஒவ்வொன்றுக்குள்ளும் அதை எடுத்த கேமரா எது, லென்ஸ் எது, ஷட்டர் என்கிற கதவு நொடியில் எத்தனையில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடியது என்ற தகவலெல்லாம் பதுங்கியிருக்கும். நமக்கு அது மாத்திரை அட்டையின் பின்பக்கம் மாதிரி. இருப்பது தெரியும், படித்தவர் கிடையாது. இவர் அட்டையைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போடுபவர். கைப்பேசிக் குழுவில் சாதாரணமாக அனுப்பும் படங்களில் இந்த விவரம் உதிர்ந்துவிடும் என்பது அவருடைய வாழ்நாள் துக்கம். நண்பர் ஒருவர் தன் தாத்தாவின் படத்தைப் போட்டு, "இன்று காலை காலமானார்" என்று எழுதினார். அழும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. நடுவே இவருடைய ஒரு வரி: "ஒரிஜினல் ஃபைல் இருக்கா?"

பல் மருத்துவர் எக்ஸ்ரேவைக் காட்டி, பல்லைப் பிடுங்க வேண்டும் என்றால் இவர் என்ன கேட்பார்? நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அவருடைய அக்காள் வீட்டில் 'ஐஎஸ்ஓ மாமா' என்று பெயர். ஐஎஸ்ஓ என்பது வேறொன்றுமில்லை, இருட்டில் நாம் கண்ணை அகல விரிப்பதுபோல், வெளிச்சம் போதாத இடத்தில் கேமரா தன் உணர்வை ஏற்றிக்கொள்ளும் அளவு. ஏற்ற ஏற்றப் படத்தில் பொடிப் புள்ளிகள் விழும். நூறு என்றால் பளிங்கு. ஆறாயிரம் என்றால், மாமாவின் வார்த்தையில், "மூஞ்சியில மணலைக் கொட்டின மாதிரி."

அக்காள் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் வரவில்லை. முந்தின வாரம் குளியலறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு, இடுப்புவரை மாவுக்கட்டோடு படுத்திருந்தார். பெற்ற பிள்ளையின் கல்யாணத்தைப் பார்க்க முடியவில்லையே என்று அவர் அழ, மணப்பெண் போனிலேயே வாக்குக் கொடுத்தாள்: "ஒரு நிமிஷம் விடாம ஆல்பத்துல வரும் அத்தை. முன் வரிசையில உக்காந்து பாத்த மாதிரி இருக்கும்." புது வீட்டில் அவள் கொடுத்த முதல் வாக்கு. அத்தையும் பிடிவாதக்காரர், போனில் வந்த படங்களைத் திறக்கவே மறுத்துவிட்டார். ஆல்பமாகத்தான் பார்ப்பாராம்.

படம் எடுத்தவர் ஆயிரக்கணக்கான படங்களை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்து, ஆல்பத்துக்கு வேண்டியதைப் பொறுக்கித் தரச் சொன்னார். வீட்டில் யாருக்கு நேரம்? "உனக்குத்தான்டா இதெல்லாம் தெரியும்" என்று அக்காள் அதைத் தம்பியிடம் நீட்டினாள். திருடனைக் கூப்பிட்டுச் சாவி கொடுத்திருந்தால்கூட ஏதாவது மிஞ்சியிருக்கும்.

மாமா படம் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. எதற்குத் திறக்க வேண்டும்? கணினியில் ஐஎஸ்ஓ வரிசையில் அடுக்கினார்; நூறு எல்லாம் மேலே வந்தன; மேலிருந்து ஆல்பம் நிறையும்வரை எடுத்தார்; அனுப்பினார். காப்பி ஆறுவதற்குள் கல்யாணம் முடிந்தது.

அச்சிடும் கடைக்காரருக்குக் கொஞ்சம் மனசாட்சி உண்டு. போன் செய்தார்.

"சார், பொண்ணு மாப்பிள்ளை படம் எதுவும் விட்டுப்போச்சா?"

"நம்பர் பாத்துத்தான் அனுப்பியிருக்கேன். அப்படியே போடுங்க."

ஆல்பம் நேராக மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து இறங்கியது. மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் ஏற்றி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அத்தை அட்டையைத் திறந்தார். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லத் தயாரானாள். மாப்பிள்ளையும், ஆல்பம் பார்க்க வந்திருந்த அக்காளும் ஐஎஸ்ஓ மாமாவும் சுற்றி நின்றார்கள்.

முதல் பக்கம், மண்டபத்தின் வெளிச்சுவர்.

"அழகா இருக்கு" என்றார் அத்தை, பெருந்தன்மையாக.

இரண்டாவது பக்கம், வெயிலில் வரிசையாகக் கழற்றிவிட்ட செருப்புகள். தையல் தையலாக எண்ணலாம். மூன்றாவது, கார்கள். நான்காவது, கார்கள், வேறு கோணத்தில். ஐந்தாவதில் ஒரு பெரியவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"இது யாரும்மா, உங்க பெரியப்பாவா?"

"இல்ல அத்தை. ஜெனரேட்டர் பாத்துக்கிறவர்."

தண்ணீர்த் தொட்டி வந்தது. படுத்திருந்த நாய் வந்தது. அதே நாய் எழுந்து நின்றது.

"ஏம்மா, யாருமே உள்ள போகலையா?"

மருமகளின் முகம் வெளுத்தது. "நான் அன்னைக்கு வந்திருந்தேனா மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டான், நிஜமான சந்தேகத்தோடு. அக்காள் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"டேய், பொண்ணு எங்கடா?"

"உள்ள லைட் கம்மிக்கா. எல்லாம் ஆறாயிரம். மூஞ்சியெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கும்."

"மூஞ்சின்னு ஒண்ணு இருந்திருக்குமேடா!"

"செருப்போட கூர்மையைப் பாரு, அப்புறம் பேசு."

"அந்தச் செருப்பு இப்ப கையில இல்லையேன்னுதான் பாக்குறேன்."

மருமகள் ஆல்பத்தை மூடப் போனாள். "அத்தை, வேற போட்டு எடுத்துட்டு வரேன், இது வேணாம்" என்றபோது அவள் குரல் உடைந்திருந்தது. அத்தை விடவில்லை. கடைசித் தாளையும் புரட்டினார்.

இரண்டு பக்கமும் நிறைய ஒரே படம். கல்யாணம் முடிந்து, இருட்டு மண்டபத்திலிருந்து உச்சிவெயிலுக்குள் மணமக்கள் கால் வைத்த கணம். வெளிச்சம் பட்டதும் மாப்பிள்ளைக்குத் தும்மல். கண் இறுக மூடி, வாய் குகையாகத் திறந்து, மூக்கு பக்கவாட்டில் போயிருந்தது. மணப்பெண் மாலையைக் கேடயமாகத் தூக்கி ஒருபுறம் சாய்ந்திருந்தாள். இருவருக்கும் நடுவே தும்மல் துளிகள் ஒவ்வொன்றாக மின்னின. ஆல்பம் முழுக்க அவர்கள் இருந்தது இந்த ஒன்றில்தான். ஐஎஸ்ஓ நூறு.

அத்தையின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று மருமகள் பதறி எழுந்தாள். இல்லை, சிரிப்பு. மாவுக்கட்டு தலையணையிலிருந்து நழுவுமளவுக்குச் சிரிப்பு.

"இவன் அப்பாவும் இப்படித்தான்! எங்க கல்யாணத்துல வெளிய வந்ததும் என் மேலயே தும்மினாரு. சொன்னா இன்னைக்கு வரைக்கும் யாரும் நம்பல." கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகளின் கையைப் பிடித்தார். "நீ மாலையாவது தூக்கின. நான் அப்படியே வாங்கிக்கிட்டேன். உக்காரு, முதல்ல இருந்து இன்னொரு தரம் பாக்கலாம். அந்த நாய் யாரோடது?"

மருமகளுக்குப் போன உயிர் வந்தது. மாமா தொண்டையைச் செருமினார்.

"அதான் சொன்னேன், நம்பர் சரியா இருந்தா..."

அக்காள் தலையணையை உருவினாள். மிச்சத்தை அவர் தெருவில் நின்று சொன்னார்.

இப்போது உங்களிடம் வருகிறேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்: கால் முறிந்த அந்த அம்மாளின் சிரிப்பைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? இல்லை, தும்மல் துளி துளியாக அந்தரத்தில் நிற்க வேண்டுமென்றால் ஷட்டர் இரண்டாயிரத்தில் ஒன்றாவது இருந்திருக்க வேண்டுமே என்று ஓர் ஓரத்தில் கணக்கு ஓடுகிறதா? ஓடினால், தயவுசெய்து யார் வீட்டுக் கல்யாணப் பென்டிரைவையும் கையால் தொடாதீர்கள்.

இன்னொன்று. அது இரண்டாயிரம் இல்லை, நாலாயிரம்.