ராக்கெட்டுக்குள் ஓடிய தறி

செய்த தப்புகளுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், இந்த ஒன்றைத் தவிர. இதற்கு இனிமேலும் கேட்பதாக இல்லை.

அப்போது பழைய பாட்டுகளின் இரைச்சலை நீக்கி ரீமிக்ஸ் செய்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். (இருநூறு பேர் கேட்பார்கள். எனக்கு இரண்டு லட்சம் பேர் மாதிரி மிதப்பு!) அதை நம்பி வாலாஜாபாத் இசையமைப்பாளர் ஒருவர் ஒரு கேசட்டைக் கொடுத்தார். அந்தக் காலத்தில் டிவியில் வந்த ராக்கெட் தொடருக்கு அவர் போட்ட இசை. உலகத்தில் மிச்சமிருந்த ஒரே பிரதி.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மா தறி நெய்துகொண்டிருந்தார். பக்கத்து அறையில் டேப் ரெக்கார்டர் முன்னால் மைக்கை வைத்துப் பதிவு செய்தேன். (ஒயர் போடும் ஓட்டை கெட்டுப்போயிருந்தது.) கடைசி நொடி முடிந்ததும் கேசட் நாடா பட்டென்று அறுந்து, பொடிப்பொடியாக உதிர்ந்தது. நல்லவேளை, பதிவாகிவிட்டது என்று துள்ளினேன்.

மூன்று மாதம் உட்கார்ந்து நாடா இரைச்சல், மின்விசிறி, ஒரு காக்கை எல்லாவற்றையும் துடைத்தெடுத்தேன். புதிதாக பேஸ் கிட்டார் சேர்த்தேன். அது அச்சாகப் பொருந்தியது. என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

வாலாஜாபாத்தில் அவர் வீட்டில் பழைய ரசிகர்கள் பத்துப் பேர். போட்டேன். ராக்கெட் கிளம்பும் இடத்தில் அவர் கையைத் தூக்கினார்.

"நிறுத்துமா. கூட யாரோ வாசிச்சுக்கினு இருக்காங்களே?"

"யாரும் இல்லையே சார்."

"டக் டக்குன்னு வருது."

"வரலையே சார்!"

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். சத்தியமாக எனக்குக் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கி எழுந்தவளுக்கு அதுதானே நிசப்தம்? அவர் மேஜையில் தட்டிக் காட்டியபோதுதான் உறைத்தது. அம்மா! எந்தப் பாட்டு ஓடினாலும் அதன் தாளத்துக்கு நெய்கிற அம்மா! அவரிடமும் சொன்னேன்.

"விண்வெளியில யாருமா தறி போட்டது? எடுத்துடு அத."

"எடுத்தா வீணையும் சேர்ந்து போயிடும் சார்."

"அப்ப கேசட்ட மறுபடி பதிவு பண்ணு."

நாடா உதிர்ந்த கதையைச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. பயந்தால் எனக்கு வாய் நீளும். அன்றும் நீண்டது.

"சார், ராக்கெட் கிளம்புற எடத்துல நீங்க மிருதங்கம் வச்சிருக்கீங்க. விண்வெளியில மிருதங்கம் மட்டும் இருக்குதா?"

யாரோ ஒருவர் இருமினார். இசையமைப்பாளர் என்னை முறைத்தார்.

"மொதல்லேர்ந்து போடு."

முழுதாகக் கேட்டார். முடிந்ததும் பேனாவை எடுத்தார்.

"சிரிச்சா, தொலைச்சுடுவேன். வாசிச்சவங்க பேரு விட்டுப்போவக் கூடாது. அம்மா பேரு இன்னா?"

இப்படியாக, வீணைக்காரர், மிருதங்கக்காரர் வரிசையில் 'தறி: சாந்தா' என்று அம்மாவும் சேர்ந்தார். இன்று கல்யாண வீடுகளில் என் மாமா அம்மாவை, "இவங்கதான் ராக்கெட் ஓட்டுனவங்க" என்றுதான் அறிமுகம் செய்கிறார்.

அம்மாவுக்கு அதில் பெருமையே இல்லை. கோபம்தான். அந்தப் பதிவில் வீணை அவர் காதில் விழவில்லை, ராக்கெட்டும் விழவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் தறி நிற்பது மட்டும்தான் விழுகிறது. கேட்பவர்களிடமெல்லாம் இன்றும் வாதாடுகிறார்:

"இழ அறுந்துபோச்சுபா. அது நூலோட தப்பு. நான் தாளத்த வுடல."