சிலிண்டர்காரரும் என் கருவிழியும்

பெருந்துறை மச்சான் செங்கோடன் அவர்களுக்கு,

சூலூர் திருமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம், என் வலது கண் நீங்கலாக. அங்கு உங்கள் கோபம் உட்பட எல்லாம் நலமென்று நம்புகிறேன். நான் சொல்லச் சொல்ல மகள் லோகப்பிரியா எழுதுகிறாள்.

விழித்திரை கிழிந்து ஆபரேஷன் செய்தபோது, திரை ஒட்டுவதற்காகக் கண்ணுக்குள் எண்ணெய் நிரப்பினார்கள். "உள்ள லென்ஸ் இல்லீங்க, மல்லாந்து படுத்தா எண்ணெய் முன்னால வந்து கருவிழியக் கெடுத்துப்போடும், குப்புறத்தான் படுக்கோணும்" என்றார் டாக்டர். நானும் குப்புறக் கிடந்து, கட்டுப் போடாத இடது கண்ணால் வருகிறவர்களின் காலைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்து, வாங்க என்று கேட்டு வரவேற்றுக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்த அன்று வெடிப்பு விழுந்த காலைப் பார்த்து, கேஸ் சிலிண்டர்காரர் என்று நினைத்து, "மூலையில வெச்சுப்போட்டுப் போங்க" என்றுவிட்டேன். நீங்களும் வாழைப்பழச் சீப்பை மூலையில் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

அப்புறம் உங்கள் தங்கை பாப்பாயி விட்டாளா? "என்ற அண்ணனையே மொகத்தப் பாத்து வாங்கன்னு கேக்கலை, இனி எவரு வந்தாலும் திரும்பிக் கேளுங்க" என்று ஒரே அழுகை. திரும்பினேன். கேட்ட கையோடு கவிழ்ந்து படுத்தால் மரியாதையாகுமா? பார்க்க வந்த பக்கத்து வீட்டு மெர்சி டீச்சருக்கு ஒரு மணி நேரம் மல்லாந்தேன், தறிக்காரர்களுக்கு இரண்டு மணி நேரம், அசல் சிலிண்டர்காரருக்கும் மல்லாந்தே வாங்க சொன்னேன், மனுஷன் பயந்துபோயிட்டாருங்க. மூணே வாரத்துல எண்ணெய் முன்னால வந்து, கருவிழி சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்துப்போச்சுங்க மச்சான். விழித்திரை நல்லா ஒட்டிக்கிச்சாம், கருவிழிதான் போச்சாம். யாராவது செத்து, கண்ணைக் கொடுத்தாத்தான் மாத்த முடியுமாம். அந்த ஒருத்தரை மட்டும் நான் வாங்கன்னு கேக்கவே முடியாது. பயமா இருக்குங்க.

ஆனால் இடது கண் நன்றாகத் தெரிகிறது, கவலை வேண்டாம். தை மாதம் லோகப்பிரியா கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் எப்படி நடக்கும்? ஒரு நடை வாருங்கள். முகத்தை நேருக்கு நேர் பார்த்து, நூறு தடவை வாங்க என்று கேட்கிறேன்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
திருமூர்த்தி

பி.கு.: மாமா, இது லோகப்பிரியா. கடிதத்தை ஒட்டுவதற்குள் நேற்று நீங்களே வந்தீர்கள். ஒன்றும் பேசாமல் அப்பா முன்னால் நின்றீர்கள். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, உங்கள் முகத்தைத்தான் பார்த்தார். "ஏனுங்க, சிலிண்டருங்களா? மூலையில வெச்சுப்போட்டுப் போங்க" என்றார். நீங்கள் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டீர்கள். இடது கண்ணும் போனதை அப்பா எங்களிடமும் மறைத்திருக்கிறார், மாமா. மறுபடியும் வாங்க. வாசலிலேயே குரல் கொடுங்க.