முருங்கையும் சுடுகாட்டுமல்லியும்

சீக்கிரம் வளர்கிற எதன் மீதும் எனக்கு ஒரு மயக்கம் உண்டு. ஒன்பதாம் வகுப்பிலேயே மீசை வரவேண்டும் என்று அப்பாவின் ரேசரால் வெறும் உதட்டை மழித்துக்கொண்டு திரிந்தவன் நான். (மீசை வரவில்லை. தழும்பு வந்தது.) அதனால் கடலூரில் புது வீட்டுக்குக் குடிவந்ததும், வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே இருந்த கைக்குட்டையளவு மண்ணில் என்ன வைக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, நான் யோசிக்கவே இல்லை. பண்ருட்டியில் ஒரு நண்பர் வீட்டிலிருந்து முருங்கைப் போத்து ஒன்றை வெட்டிக்கொண்டு வந்து நட்டேன்.

என் மனைவி ரீட்டா சிதம்பரத்துக்காரி. கல்லறைத் திருநாளுக்கு அவள் அப்பாவின் கல்லறையைச் சுத்தம் செய்யப் போனவள், பிடுங்கிய களைகளில் ஒன்றை மட்டும் எறிய மனமில்லாமல் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். ரோஸ் நிறத்தில் ஐந்து இதழ்ப் பூ. யாரும் விதைக்காமல் மணலிலும் சுவரோரத்திலும் தானே முளைக்குமே, அதுதான்.

"சுடுகாட்டுமல்லியை யாராவது வீட்டு வாசல்ல வெப்பாங்களா?" என்றேன்.

"அதுக்குப் பேரு நித்யகல்யாணி. நீங்க உங்க மரத்தைப் பாருங்க."

பார்த்தேன். தினமும் பார்த்தேன். மரம் என் இடுப்பைத் தாண்டியது, தோளைத் தாண்டியது, அடுத்த மழைக்காலத்துக்குள் மொட்டை மாடியை எட்டிப் பார்த்தது. வீட்டுக்கு வருகிறவர்களைச் செருப்பைக் கழற்றவிடாமல் முதலில் மரத்தடிக்கு அழைத்துப் போய் நிறுத்துவேன். நித்யகல்யாணியோ முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

"உன்னுது வளரவே இல்லியே ரீட்டா?"

"பூக்குதுல்ல, போதும்."

இந்தச் சமயத்தில்தான் என் தங்கை ஜெசிந்தாவுக்கு அண்ணாமலை நகரிலிருந்து ஒரு வரன் வந்தது. ஜெசிந்தா நர்ஸ். ஏற்கெனவே வந்த வரன்கள் எல்லாம் 'நைட் டூட்டி' என்ற வார்த்தையைக் கேட்டதும் காபியைக் குடித்துவிட்டுப் போனவை. இந்த மாப்பிள்ளை அமலுக்குச் சம்மதம்தான். அவருடைய அம்மாவுக்குத்தான் அதே தயக்கம் என்று தரகர் சொல்லியிருந்தார். "இதுவும் போச்சுன்னா இனிமே எவன் முன்னாடியும் தட்டு தூக்க மாட்டேன்ணே" என்று ஜெசிந்தா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

ஹால் சின்னது, மழை விட்டு நல்ல காற்று வேறு. விருந்தாளிகளை மரத்தடியில் உட்காரவைப்பது என்று முடிவு செய்தேன். காலையில் போய்ப் பார்த்தால் அடிமரத்தில் கிழிந்த சாக்கு ஒட்டினாற்போல் கம்பளிப்பூச்சிக் கூட்டம். ரீட்டா பார்த்ததுமே, "உள்ளயே நாற்காலி போடுங்க" என்றாள். நான் கேட்பேனா? ஒரு வாளி உப்புத்தண்ணீரை வீசி அடித்தேன். சற்று நேரத்தில் அடிமரம் சுத்தமாகிவிட்டது. 'ஒழிந்தன' என்று எண்ணிக்கொண்டேன். (மரத்துக்கு மேல்பக்கம் என்று ஒன்று உண்டு என்பது எனக்குத் தோன்றவில்லை.) கல்யாணப் பேச்சு நடக்கிற இடத்தில் சுடுகாட்டுப் பூ தெரியக்கூடாது என்று என் ஸ்கூட்டரை அதற்கு முன்னால் மறைப்பாக நிறுத்தினேன்.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வெள்ளைச் சட்டையும் பளபளக்கும் வழுக்கையுமாக நடு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் அத்தை. (பேச்சு முடிவதற்கு முன்பே நான் மாமா, அத்தை போட ஆரம்பித்திருந்தேன்.) இன்னொரு பக்கம் அமல். என்ன பேசுவது என்று தெரியாமல் நான் மரத்தைப் பற்றிப் பேசினேன்.

"ஒரே வருஷம் மாமா. எரு கிடையாது, மருந்து கிடையாது. மேல பாருங்க, எப்படிப் படர்ந்திருக்குன்னு."

மாமா மேலே பார்த்தார். வழுக்கையின் நட்டநடுவில் ஒன்று சொத்தென்று விழுந்தது. அவர் கையால் தட்டினார். அது சட்டைக் காலருக்குள் போனது.

"என்னமோ ஊருது!"

அந்த நேரத்தில் நான் சும்மா இருந்திருந்தால் ஒரு பூச்சியோடு போயிருக்கும். மீதிப் பூச்சிகளை விரட்டிவிடலாம் என்று துடைப்பத்தை எடுத்துக் கிளையை ஓங்கி அடித்தேன். முருங்கைக்கிளையின் பலம் உங்களுக்குத் தெரியும். கிளை முறிந்து, பூ, இலை, பூச்சி எல்லாமாக அவர்கள் மூவர் மீதும் என் மீதும் இறங்கியது. கடலூருக்கு எத்தனையோ புயல் வந்திருக்கிறது. இப்படி ஒன்று என் வாசலுக்கு மட்டும் வந்தது அன்றைக்குத்தான். அத்தை "மாதாவே!" என்று எழுந்து முந்தானையை உதறினார். அமல் இரண்டு கைகளையும் பரபரவென்று சொறிந்தார்.

காபித் தட்டோடு தலைகுனிந்து வந்துகொண்டிருந்த ஜெசிந்தா நிமிர்ந்தாள். தட்டைப் படியில் வைத்தாள்.

"யாரும் தேய்க்காதீங்க! கையை எடுங்க சார்! தேய்ச்சா முள்ளு உள்ள போயிடும்!"

பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நான் கூரியர் ஆபீஸில் வேலை செய்வதால் வீட்டில் பார்சல் ஒட்டுகிற டேப்புக்குப் பஞ்சமில்லை. "அண்ணே, டேப்பு! அண்ணி, சோப்புத்தண்ணி!" என்றாள். ஓடினோம்.

"அங்கிள், சட்டையைக் கழட்டுங்க."

பெண் பார்க்க வந்த இடத்தில் சட்டையைக் கழற்றுவதா என்று மாமா தயங்கினார்.

"கழட்டுங்கன்னு சொல்றேன்ல?"

கழற்றினார். அவர் முதுகிலும் மார்பிலும் டேப்பை ஒட்டிச் சர்ரென்று உரித்தாள். பூச்சியின் முள்ளோடு மாமாவின் சொந்த முடியும் கணிசமாக வந்தது. அவர் போட்ட சத்தத்துக்கு எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்துகொண்டன. அடுத்து அமல். கையை நீட்டச் சொன்னாள், நீட்டினார். வலிக்குதா என்று கேட்டாள், இல்லை என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

எனக்கு உடம்பெல்லாம் தீயாக எரிந்தது. ஆனால் என் வரிசை கடைசி என்று ஜெசிந்தா சொல்லிவிட்டாள். தங்கையின் கல்யாணத்தை நானே துடைப்பத்தால் அடித்து விரட்டிவிட்டேன் என்று நினைத்தபோது அந்த எரிச்சல்கூடப் பெரிதாகப் படவில்லை.

அத்தையை மரத்திலிருந்து தள்ளி உட்காரவைக்க வேறு இடமில்லாததால் ரீட்டா என் ஸ்கூட்டரை நகர்த்தி அங்கே நாற்காலி போட்டாள். கழுத்தில் டேப்பை ஒட்டி உரித்து முடித்தபின் அத்தை மூச்சுவிட்டு, காலடியில் பூத்திருந்த செடியைப் பார்த்தார்.

"இது என்னா செடிம்மா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நித்யகல்யாணி அத்தை" என்றாள் ரீட்டா.

"எங்க பக்கம் சுடுகாட்டுமல்லின்னு சொல்லுவோம்."

மாமா முனகுவதை நிறுத்தினார்.

அத்தை ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தார். "பேரு எதுவா இருந்தா என்னா? தலையில விழாம இருக்கே!" என்றார். முதலில் சிரித்தது அமல்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சொறிந்துகொண்டிருந்தேன்.

ஆறிப்போன காபியைச் சூடுபண்ணிக் குடித்தார்கள். கிளம்பும்போது அத்தை ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நைட் டூட்டின்னு சொன்னதும் நான்தான் யோசிச்சேன். இப்ப ஒண்ணும் யோசனை இல்ல. எப்ப கல்யாண ஓலை எழுதலாம்னு உங்க அண்ணனைச் சொல்லச் சொல்லு" என்றார். கேட்டைத் தாண்டியதும் திரும்பி, "ஆனா கோயில்ல வெச்சு எழுதிக்கலாம். இங்க வேணாம்" என்று சேர்த்துக்கொண்டார்.

மரத்தை மறுநாளே வெட்டினேன். அதுவும் சீக்கிரமே விழுந்தது. அந்த இடத்தில் இப்போது முழுக்க நித்யகல்யாணிதான். ரீட்டா இன்றுவரை 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

கல்யாணமாகி முதல் தடவை விருந்துக்கு வந்த அன்று, கேட்டுக்கு வெளியிலேயே அமல் ஒரு குடையை விரித்துக்கொண்டு உள்ளே வந்தார். "பழகிப்போச்சு மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டிலிருந்து யார் வந்தாலும் குடையோடுதான் வருகிறார்கள். சித்திரை வெயிலிலும் மாமா குடையைப் பிடித்துக்கொண்டே வாசல்படி ஏறுவார்.

போன மாதம் ஜெசிந்தா மகளுடைய யு.கே.ஜி. வகுப்பில் 'என் மாமா வீடு' என்று படம் வரையச் சொன்னார்களாம். வீடு, கேட், ரோஸ் பூ, மேலே பெரிய மஞ்சள் சூரியன். கீழே நிற்கிற அத்தனை பேர் கையிலும் குடை. "மழையா பெய்யுது?" என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

"இல்ல மிஸ். மாமா வீடு" என்றிருக்கிறாள்.